‘என்ன பாவமோ’ கொம்பையா

விக்கிரமசிங்கபுரத்தில் குட்டியானை வண்டி ஓட்டுகிற கொம்பையாவைப் பற்றிக் கேட்டால் இன்றைக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். அடுத்த வீட்டுக்காரன் என்கிற முறையில் என்னைக் கேட்டால், தங்கமான மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம் என்பேன். அந்த வாய்க்குக் கை தட்டி ஏற்றிவிட்டது ஊர். பிறகு அவமானம் வந்தபோது அவன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். அதில் எனக்கு இன்னும் கோபம் உண்டு.

பாபநாசம் படித்துறைக்குப் பாவம் கழிக்க வருகிறவர்களும் காரியம் முடிக்க வருகிறவர்களும் துணியை ஆற்றில் விட்டுவிட்டுப் போவார்கள். சிலர் உடுத்தியிருந்ததை விடுவார்கள், சிலர் செத்துப்போனவர் துணியை விடுவார்கள். பாவம் போகிறதோ இல்லையோ, துணி போகாது. பாறை இடுக்கில் சிக்கி அழுகிக் கிடக்கும். ஒருமுறை குளித்துக்கொண்டிருந்த கொம்பையாவின் காலை ஒரு சேலை சுற்றிவிட்டது. நாலு வாய் தண்ணீர் குடித்துத்தான் கரையேறினான். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஆற்றில் இறங்குவான். கையில் சிக்கிய துணியையெல்லாம் இழுத்துப் போட்டு, வண்டியில் ஏற்றி, குப்பைக் கிடங்கில் கொண்டு சேர்ப்பான். யாரும் அவனைச் செய்யச் சொல்லவில்லை. வருஷக்கணக்காகச் செய்தான், ஒருத்தரும் ஏனென்றும் கேட்கவில்லை.

அவன் பெண்சாதி பேச்சித்தாய் ஒரு நாள் ஆற்றங்கரையில் விளையாட்டுக்குப் போனை நீட்டிப் படம் பிடித்தாள். அவன் கையில் அப்போது அகலக் கரை போட்ட ஒரு வேட்டி இருந்தது. அதைத் தூக்கிப் பிடித்து, “கரையப் பாத்தா பெரிய மனுஷன் மாதிரி இருக்கு. ஊர்ப் பொதுக் கெணத்த வித்துத் தின்னுருப்பான். என்ன பாவமோ!” என்றான். பேச்சித்தாய் சிரித்த சிரிப்பும் சேர்ந்து இன்ஸ்டாகிராமில் ஏறிவிட்டது.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். கொடியில் கிடக்கிற புருஷன் சட்டையைத் தூக்கிப் பிடித்துக் கொம்பையாவின் குரலுக்கு வாயசைத்தார்கள் பெண்கள். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் கோட்டைப் பிடுங்கி அதே கூத்து. அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவுக்கு இவனைக் கூப்பிட்டுச் சால்வை போட்டார்கள். மனுஷன் தலைக்கு மை அடிக்க ஆரம்பித்தான். ஆற்றுக்குப் போகும்போது இஸ்திரி போட்ட சட்டை!

ஞாயிற்றுக்கிழமை வேலையும் மாறிப்போனது. ஒரு துணிக்கு ஒரு வசனம் என்று ஆனபிறகு, வசனம் வராத துணியெல்லாம் தண்ணீரிலேயே கிடந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

“ஏலே, நீ ஆத்தச் சுத்தம் பண்ணுதியா, நாடகம் போடுதியா?” என்று கேட்டேன்.

“ரெண்டுந்தான் வே. நாலு பேரு பாத்தாத்தான் நாளைக்கு ஒருத்தன் துணி போட யோசிப்பான்” என்றான். அதில் கொஞ்சம் உண்மையும் இருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

அணையில் தண்ணீர் திறந்திருந்த சமயம். மாம்பழக் கலரில் ஒரு சட்டை அவன் கைக்கு வந்தது. பையில் கிழிசல், அதை நீல நூலால் தைத்திருந்தது. பார்த்ததுமே அவனுக்கு வசனம் வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் பேச்சித்தாய், “ஐயோ, நான் அமுக்கவே இல்லையே” என்றாள். சட்டையைத் திரும்பத் தண்ணீரில் போட்டான். போட்டு, மறுபடி எடுத்து, மறுபடி சொன்னான்:

“மாம்பழக் கலரு சட்ட, நீல நூலுல தையல்! இவன மாதிரி கஞ்சப்பய உண்டா? பெத்த ஆத்தாளுக்குச் சோறு போட்டிருக்க மாட்டான். அதக் கழுவத்தான் இங்கன வந்திருக்கான். என்ன பாவமோ!”

இந்தத் தடவை பதிவாகிவிட்டது. ஆனாலும் முகத்தில் வெயில் சரியாக விழவில்லை என்று மூன்றாம் தடவையும் போட்டான். அதோடு தண்ணீரின் இழுப்பு சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டது. ஆற்றிலிருந்து துணி எடுக்கிறவன் என்று சால்வை வாங்கியவன், எடுத்த துணியை ஆற்றில் போட்டு விளையாடிக்கொண்டிருந்தான். பரவாயில்லை, ஒன்றாவது பதிவாகியிருக்கிறதே என்று அதையே ஏற்றினார்கள். அவன் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

பதினைந்து இருபது நாள் கழித்து, திருநெல்வேலி டவுணிலிருந்து ஒரு அம்மா வீடு தேடி வந்தார்கள். பெயர் சண்முகவடிவு, அறுபது வயதுக்குப் பக்கம் இருக்கும். நான் அப்போது கொம்பையா வீட்டில்தான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ரீல் பார்த்துவிட்டு ஆட்கள் தேடி வருவது அங்கே புதிதில்லை. பேச்சித்தாய் “வாங்கக்கா” என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொம்பையா அந்த அம்மாவின் கையிலிருந்த துணிப்பையை வாங்கித் தூக்கிப் பிடித்து, “டவுணுலேந்து வந்திருக்கு. என்ன பாவமோ!” என்றான்.

அந்த அம்மா சிரிக்கவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “அந்த மாம்பழக் கலரு சட்ட இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டார்கள்.

“எந்தச் சட்ட?”

“நீல நூலுல பை தச்சது. நாந்தான் தச்சேன். அன்னைக்கு வீட்டுல மஞ்ச நூலு இல்ல. எம் பையன் காந்திமதிநாதன் சட்ட அது. காய்ச்சல்ல போயிட்டான். காரியம் முடிச்சு எல்லாத்தையும் ஆத்துல விட்டிரணும்னு சொன்னாங்க, விட்டுட்டேன். வீட்டுக்குப் போனா மோந்து பாக்கக்கூட ஒண்ணுமில்ல. பக்கத்து வீட்டுப் பிள்ளை போன்ல காட்டுச்சு, ஒங்க கையில இருந்துச்சு. குடுத்தீங்கன்னா கொண்டு போயிருவேன்.”

பேச்சித்தாய் காப்பி கலக்கிக்கொண்டிருந்த டம்ளரை அப்படியே வைத்துவிட்டாள். கொம்பையா என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? பேப்பரைப் பார்த்தேன்.

குப்பைக் கிடங்குக்குப் போய்விட்டது என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லுவான் என்றுதான் நினைத்தேன். அவன் சொல்லவில்லை. “கையில இருந்துச்சுக்கா. படம் சரியா வரலன்னு நாந்தான் திரும்பத் தண்ணியில போட்டேன். இழுத்துட்டுப் போயிட்டு” என்றான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது.

சண்முகவடிவு அம்மா முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார்கள். பிறகு, “அவன் சோறு போட்டான் அண்ணாச்சி” என்றார்கள். “கடசி வரைக்கும் எம் பிள்ளதான் எனக்குச் சோறு போட்டான்.”

கொம்பையா நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் வெட்கப்பட்டு நான் அதற்கு முன்னே பார்த்ததில்லை. காது மடல் வரைக்கும் சிவந்து, அந்த அம்மாவின் காலைப் பார்த்துக்கொண்டே பேசினான். “அத இப்பவே அழிச்சிருதேன்க்கா. ஒங்க முன்னாலயே அழிக்கேன். பேச்சி, போன எடு.”

“ஐயோ, அழிச்சிராதீங்க!” அந்த அம்மா பதறி எழுந்தே விட்டார்கள். “அதுல மட்டுந்தான் அந்தச் சட்ட இருக்கு.”

பேச்சித்தாய்க்குத்தான் யோசனை வந்தது. அந்தப் படத்தை அந்த அம்மாவின் போனுக்கே அனுப்பிக் கொடுத்தாள். எப்படித் திறப்பது என்றும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டிக்கொடுத்தாள்.

“இனி இது ஒங்ககிட்டயே இருக்கும்க்கா. அத அழிச்சிரட்டுமா?” என்று கொம்பையா கெஞ்சினான். சம்மதித்துவிட மாட்டார்களா என்று எனக்கும் இருந்தது.

“இருக்கட்டும் அண்ணாச்சி. போனு கெட்டுப்போச்சுன்னா நான் எங்க போவேன்? அங்கனயும் கெடக்கட்டும். தெனமும் விளக்கு வச்சிட்டு ஒரு தடவ பாப்பேன்.”

“தெனமுமா?” என்றான் அவன். “நான் பேசுனதையெல்லாம் தெனமும் கேக்கீங்களாக்கா?”

“இல்ல அண்ணாச்சி. ஒங்க சத்தத்த அமத்திட்டுத்தான் பாக்கேன்.”

குத்திக்காட்டுகிற பேச்சே இல்லை அது. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். சொல்லிவிட்டுப் போனைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பினார்கள். கொம்பையா வாசல் வரைக்கும்கூடப் போகவில்லை. பேச்சித்தாய்தான் பஸ் ஏற்றிவிட்டு வந்தாள்.

அந்த ரீல் இன்னும் இருக்கிறது. இன்றைக்கும் யாராவது பார்த்துச் சிரித்துக் கைதட்டுகிற பொம்மை போட்டுவிட்டுப் போகிறார்கள், அது ஒவ்வொன்றும் கொம்பையாவின் போனில் வந்து விழுகிறது. அவனால் அதை அழிக்க முடியாது.