வீரய்யா எழுதாமல் விட்ட பன்னிரண்டு நாள்

கண்டியில் ஓர் ஆஸ்பத்திரியில், கோப்பி கொழித்த காலத்தில், சத்திரசிகிச்சை வார்டின் பதிவேட்டை இருபத்திரண்டு வருஷம் எழுதியவர் வீரய்யா. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அதைவிடப் பெரியது அவருடைய தலைக்கனம். கத்தி பட்டால்தான் வைத்தியம் என்பது அவர் கட்சி. வெட்டினால், தைத்தால் விவரமாக எழுதுவார். டாக்டர் வந்து பார்த்துவிட்டு மட்டும் போன நாளில், 'ஒன்றும் செய்யவில்லை' என்று ஒரு வரி போட்டுவிட்டு வெற்றிலை போடப் போய்விடுவார். யாரும் கேட்கவில்லை, அவரும் திருந்தவில்லை.

மடுல்கெல்லத் தோட்டத்துப் பழனியாண்டி வந்தபோதுதான் அது வினையாகிப்போனது. கோப்பி மூட்டை ஏற்றிய வண்டி அவன் காலில் ஏறி, முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிந்தது. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் மற்றவர்கள். டாக்டர் மட்டும் பொறுத்துப் பார்ப்போம் என்று, எலும்பு அசையாமல் இருக்கச் சிம்பு வைத்துக் கட்டினார். நாளுக்கு இரண்டு மூன்று தடவை வந்து காயத்தை முகர்ந்து பார்ப்பார், கால்விரலைத் தொட்டுச் சூடு பார்ப்பார். பன்னிரண்டு நாள் அப்படிப் போயிற்று. பன்னிரண்டு நாளும் வீரய்யா எழுதியது அதே ஒரு வரிதான்.

கூலியாளின் ஆஸ்பத்திரிச் செலவைத் தோட்டம் கட்டவேண்டும். பில்லோடு போன பதிவேட்டு நகலைப் படித்த தோட்டத்துத் துரை, ஒன்றும் செய்யாததற்கு ஒரு சதமும் தரமுடியாது, ஆளை உடனே அனுப்புங்கள் என்று எழுதிவிட்டார். கடிதம் கொண்டுவந்த கங்காணி கறுப்பையா, மாட்டுவண்டியை வாசலில் நிறுத்திவிட்டு நின்றான். எலும்பு இன்னும் கூடவில்லை. அந்த மலைப்பாதையில் குலுங்கினால் கால் போகும். சீழ் ஏறினால் உயிரும் போகும். வீரய்யா கடிதத்தையும் பதிவேட்டையும் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினார்.

டாக்டர் கத்தவில்லை. தான் வந்தது உண்மை, எத்தனை தடவை என்று நினைவில்லை, குத்துமதிப்பாக எழுதினால் கையெழுத்துப் போடமாட்டேன் என்றார். மத்தியானத்துக்குள் சரியான கணக்கு வந்தால் ஆளை அனுப்பாமல் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்.

அப்போது, அத்தனை நாளும் பழனியாண்டியின் படுக்கையருகே இருந்த அவன் மனைவி ராக்கம்மா மடியிலிருந்து பன்னிரண்டு துணிமுடிச்சுகளை எடுத்து வைத்தாள். எல்லாவற்றிலும் கோப்பிக்கொட்டை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை பறித்த பழக்கூடைகளைக் குறைத்து எழுதுவார் என்று, கூடைக்கு ஒரு கொட்டை முடிந்துவைப்பது அவள் வழக்கம். இங்கே ஆஸ்பத்திரியில் கூட்டி எழுதிவிடுவார்களோ என்ற பயத்தில், நாளுக்கொரு துணியில், டாக்டர் வரும்போதெல்லாம் ஒரு கொட்டை முடிந்திருந்தாள். மொத்தம் முப்பத்தொன்று.

டாக்டர் லேசில் நம்பவில்லை. நாலு கொட்டை இருந்த முடிச்சைக் காட்டி, எந்த நாள் என்று வீரய்யாவைத் தமிழில் கேட்கச் சொன்னார். வீரய்யா கேட்டார்.

"அஞ்சாம் நாளுங்க. எங்க ஊட்டுக்காரருக்கு நடுக்கம் கண்ட அன்னிக்கு. கடைசித் தடவ டாக்டரய்யா சப்பாத்து இல்லாம வெறுங்காலோட வந்தாரு."

வீரய்யா அதை இங்கிலீஷில் சொன்னதும் டாக்டர் தன் காலைக் குனிந்து பார்த்தார். எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

வீரய்யா தேதிவாரியாக எழுத ஆரம்பித்தபோது கறுப்பையா அவளிடம் வந்தான்.

"தொர பில்லக் கட்டிட்டு ஒங்க கடன்லதான் எழுதுவாரு. தெரிஞ்சுதான் எண்ணிக் குடுக்குறியா?"

வீரய்யாவின் பேனா நின்றுவிட்டது. அவருக்கு அது தோன்றவேயில்லை. வெட்கமாக இருந்தது.

"நீங்க எழுதுங்கய்யா," என்றாள் ராக்கம்மா. "காலு இருந்தா கடனக் கட்டிறலாம்."

வண்டி காலியாகத் திரும்பியது. சாயங்காலம் டாக்டர் வந்து காயத்தைப் பார்த்தார், விரலைத் தொட்டார், போனார். வீரய்யா ஒன்றுவிடாமல் எழுதினார். அவர் எழுதி முடிக்கும்வரை பார்த்திருந்த ராக்கம்மா, புதுத் துணியொன்றில் ஒரு கொட்டையை முடிந்தாள்.