பிரீதர் குழாயை அடைத்துவிட்டு வால்பாறைக்குக் கிளம்பிய கதை

கோவை வெயில் தாங்காமல், போன சனிக்கிழமை வால்பாறை கிளம்பினோம். கணவர், நான், மூன்று வயது இனியா. மகளுக்கு வீசிங் உண்டு, புகை ஆகாது. அதனால் நான் எப்போதும் கொஞ்சம் அதிகமாகவே மோப்பம் பிடிப்பவள்.

எங்கள் பிக்கப்புக்கு நாற்பது வயது. அதன் பெட்ரோல் என்ஜினைக் கழற்றிவிட்டு, ஞாயிறுதோறும் உட்கார்ந்து ஒரு டீசல் என்ஜினை மாட்டியிருந்தார் கணவர். பழைய என்ஜினுக்குள் சேரும் ஆவி ஒரு குழாய் வழியாக வண்டிக்கு அடியில் போய்விடும். புதியதில் அந்தக் குழாயின் வாய் (பிரீதர் என்கிறார்கள்) கேபினைப் பார்த்து இருந்தது. முதல் ஓட்டத்திலேயே உள்ளே எண்ணெய் நாற்றம். "அதை மூடாம நானும் புள்ளையும் ஏற மாட்டோமுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் லேத் பட்டறை வைத்திருப்பவர். மறுநாளே பித்தளையில் ஒரு மூடி கடைந்து, மரை போட்டு, இறுக்கிவிட்டார். நகை மாதிரி மின்னியது. நாற்றமும் நின்றது.

காலை 6.10க்குக் கோவை கணபதியில் புறப்பட்டு, 48 கிலோமீட்டர் ஓட்டி 7.25க்குப் பொள்ளாச்சி. இட்லி, காபி 140 ரூபாய். அங்கிருந்து ஆழியாறு 24 கிலோமீட்டர். கடைசி ஐந்து கிலோமீட்டரில் கருகிய எண்ணெய் வாடை வர ஆரம்பித்தது. கண்ணாடியை இறக்கியும் குறையவில்லை. இனியா இருமினாள். மறுபடியும் இருமினாள். "நிறுத்துங்க" என்றேன்.

ஆழியாறு டீக்கடை முன்னால் நின்றோம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போய், அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டேன். இழுப்பு இல்லை. திரும்பி வந்தால், பானட்டுக்கு அடியில் எல்லாம் எண்ணெய். ஆயில் பார்க்கும் ஸ்டிக் நான்கு விரற்கடை மேலே எழும்பி நின்றது. வழிந்த எண்ணெய் சூடான சைலன்சர் குழாயில் விழுந்து புகைந்துகொண்டிருந்தது.

டீ குடித்துக்கொண்டிருந்த எஸ்டேட் ஜீப் டிரைவர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, இந்தப் பித்தளை எங்க வாங்குனீங்க?"

"நானே கடைஞ்சதுங்ணா."

"கோயமுத்தூருங்களா? அதானே பார்த்தேன், காத்துகூடப் போகாம அடைச்சுப்போட்டீங்க! என்ஜின் மூச்சு உட வழியில்லாம ஸ்டிக்கைத் தள்ளிப்போட்டு வருது. இப்படியே மலை ஏறியிருந்தா ஆயில் சீலும் போயிருக்கும். எந்தப் புத்திசாலிங்க இதை மூடச் சொன்னது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கணவர் ஸ்பேனரைத் தேடுவதுபோலக் குனிந்துகொண்டார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்தானுங்க" என்றேன்.

டிரைவர் இனியாவைப் பார்த்தார். குரல் இறங்கியது. "புள்ளைக்குப் புகை ஆகாதுங்களா அம்மணி? அப்ப குழாய் வாயை மூடப்படாதுங்க, வேற பக்கம் திருப்பி உடோணும்."

தோப்புச் சொட்டுநீருக்கு வாங்கிய கறுப்புக் குழாய் அவர் ஜீப்பில் இருந்தது. அதில் இரண்டு மீட்டர் வெட்டிக் கொடுத்தார். மூடியைக் கழற்றி, குழாயைச் செருகி, சைலன்சரில் படாமல் கம்பியால் கட்டி, கேபினுக்குப் பின்னால் தரையை நோக்கித் தொங்கவிட்டார்கள். ஒரு லிட்டர் ஆயில் ஊற்றினோம். முக்கால் மணி நேரம் ஆனது. குழாய்க்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆனாலும் குழந்தையை அதில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. 9.20க்கு வால்பாறைப் பேருந்து வந்தது. "நாங்க இதுல போறோமுங்க, நீங்க பின்னால வாங்க" என்றேன். "முன்னாடி சீட்டா பாத்து உக்காரு கண்ணு, வளைவுல புள்ளைக்குக் குமட்டும்" என்று மட்டும் கணவர் சொன்னார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எங்கள் பிக்கப் வருகிறதா என்று கீழே எட்டிப் பார்த்தபடி போனேன்.

11.20க்கு வால்பாறை. இருபது நிமிடம் கழித்து அவர் வந்தார். இனியாவை அவரிடம் கொடுத்துவிட்டு நான் மட்டும் கேபினில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, ஓடும் என்ஜினோடு பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். பழைய ரெக்சின் வாசனை தவிர வேறெதுவும் இல்லை. கதவைத் திறந்து, குழந்தையை வாங்க இரு கைகளையும் நீட்டினேன்.

என்ஜின் மாற்றுபவர்களுக்கு: பிரீதரின் வாய் எங்கே பார்க்கிறது என்று முதலிலேயே பாருங்கள். சொட்டுநீர்க் குழாய் அவசரத்துக்குத்தான். ஊர் திரும்பியதும் எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயாக மாற்றிவிட்டோம். குழாய் எங்கும் மடங்கக் கூடாது. அந்த வாயில் புகை அதிகமானால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். வால்பாறைக்கு இ-பாஸ் விதிகளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். கேபினில் நாற்றம் வந்தால், எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை; மூடச் சொன்னேன்.