வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆள்

ஹாங்காங் வந்து இறங்கிய புதிதில் எல்லோரும் என்னைப் பார்த்து "நெய்" என்றார்கள். பஸ் கண்டக்டர் சொன்னார், கீரை விற்கிற அம்மாள் சொன்னாள், நான் வேலை பார்க்கும் பட்டுத் துணிக் கடையில் பார்சல் கட்டுகிறவர்களும் சொன்னார்கள். ஊரை விட்டு வந்ததிலிருந்து சாதத்தில் ஒரு சொட்டு நெய் பார்க்காதவனிடம் இது என்ன பரிகாசம் என்று நினைத்தேன். கடையில் பார்சல் கட்டும் அ குவான்தான் சிரித்துக்கொண்டே விளக்கினான். அவனுக்கு என் வயதுதான் இருக்கும். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷும் எப்படியோ நடுவழியில் சந்தித்துக்கொள்ளும். அந்தச் சொல்லுக்கு "நீ" என்று அர்த்தமாம். முதலாளிக்கும் அதே சொல், மூட்டை தூக்குகிறவருக்கும் அதே சொல், பெற்ற தகப்பனுக்கும் அதேதான். அவன் பேச்சில் மரியாதைக்கு நீங்கள் என்று தனியாக ஒன்று கிடையாது. வெளியூர் போய்ப் பிழைக்கிற நம்மவர்கள் சாப்பாடு, குளிர், வாடகை என்று பல அதிசயங்களை எழுதுகிறார்கள். என்னைத் தூங்கவிடாமல் செய்தது இந்த ஒரு சொல்.

எழுதவும் அவனேதான் காட்டினான். இங்கே ஒரு பழக்கம் உண்டு. பேச்சின் நடுவில் எந்த எழுத்து என்று சந்தேகம் வந்தால், விரலைத் தேநீரில் தொட்டு மேஜையிலேயே எழுதிக் காட்டிவிடுவார்கள். எதிராளி தலையாட்டி முடிப்பதற்குள் அது காய்ந்து மறைந்துவிடும். கவுலூனில் ஒரு தேநீர்க் கடையின் கல் மேஜையில் அ குவான் அப்படித்தான் எழுதினான்: 你. முதலில் இடப்பக்கம் ஒரு சாய்ந்த கோடு, அதன் கீழே ஒரு நிமிர்ந்த கோடு. "இது ஆள், நின்றுகொண்டிருக்கிறான்" என்றான். பிறகு வலப்பக்கம் ஒரு சரிந்த கூரை, அதன் கீழே நடுவில் ஒரு கால், அந்தக் காலுக்கு இருபுறமும் இரண்டு பொட்டு. அந்தப் பக்கத்துக்கு என்ன அர்த்தம் என்று அவன் சொல்லவில்லை. எனக்குக் கேட்கவும் தோன்றவில்லை. எனக்கு அது தகரக் கூரை போட்ட இஸ்திரி வண்டி. இரண்டு பொட்டும் பெட்டியிலிருந்து தெறித்த கரிப் பொறி. பக்கத்தில் நிற்கிறவர் என் நைனா.

நாங்கள் ராயப்பேட்டைக்காரர்கள். நைனா முனுசாமி விடியற்காலையிலேயே அபிராமபுரம் போய், ஒரு தூங்குமூஞ்சி மரத்தடியில் கிடக்கும் தன் வண்டியில் கரி மூட்டிவிடுவார். அந்தத் தெருவில் அவரை "நீ" என்று சொல்லாதவர் கிடையாது. பள்ளிக்கூடத்துக்குப் போகிற பிள்ளைகளும் "முனுசாமி, என் யூனிபார்ம் எங்க வெச்ச நீ?" என்றுதான் கேட்கும். அவருக்கு அது வெயில் மாதிரி. உறைத்ததாகக் காட்டிக்கொண்டதே இல்லை. வீட்டில் எங்களுக்குள்ளும் நீதான், ஆனால் அது வேறு நீ. "இன்னாடா நைனா, துன்னியா நீ?" என்று, செல்லமாக என்னையே நைனா ஆக்கி, அவர் கேட்டால் வயிறு பாதி நிறைந்துவிடும். நானும் அவரை நீ என்றுதான் சொல்வேன். எங்கள் பக்கத்தில் அப்பனை நீங்க என்று கூப்பிட்டால் சண்டை என்று அர்த்தம்.

நான் பி.காம். முடித்து, தியாகராய நகரில் தெற்கத்திக்காரர் ஒருவரின் ஜவுளிக் கடை ஆபீசில் சேர்ந்த முதல் நாள் அது நடந்தது. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவன் நான்தான். வெள்ளைச் சட்டையை நைனாவே தேய்த்துக் கொடுத்தார். போகிற வழிதானே என்று, எப்போதும் போல அந்தத் தெருவில் ஒரு வீட்டுப் புடவைக் கட்டை நான் எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்த மாமி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஆடிட்டர் ஆபீஸ்லேர்ந்தா? அவர் குளிச்சிண்டிருக்கார். செத்த உக்காருங்கோ" என்றாள்.

"இல்லீங்கம்மா, இஸ்திரித் துணி. முனுசாமி புள்ளைங்க."

"அட, நம்ம முனுசாமி பிள்ளையா! அடையாளமே தெரியலையே. பரவால்லை, உக்காருங்கோ. ஒரு வாய் காபி குடிச்சுட்டுப் போகலாம்."

யார் என்று தெரிந்த பிறகும் அவள் அந்த "ங்கோ"வைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. நல்ல மனசுக்காரி. வாசல் வரை வந்து மரத்தடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "முனுசாமி, உம் பிள்ளை ஆபீசர் மாதிரின்னா இருக்கார்! நீ குடுத்து வெச்சவன்டாப்பா!" நைனா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். நானும் சந்தோஷமாகத்தான் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைகிறேன். "வாங்க. கை கால் கழுவிகினு துன்ன வாங்க" என்றார் நைனா. அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள்.

"யாருய்யா வந்துகீறாங்க?"

"யாரும் இல்ல, உன் புள்ளதான்."

"பெத்த புள்ளைய இன்னாயா வாங்க போங்கன்னுகினு? சம்மந்தியா அவன்? தாம்பாளம் எடுத்தாரட்டா?"

நைனா சிரிக்கவில்லை. "அந்த அம்மாவே வாய் நெறைய நீங்கன்னு சொல்லிச்சு. நான் போயி நீ வா போன்னு சொன்னா, நாளைக்கு அந்தத் தெருவே அவனை நீ வா போன்னும். அப்பறம் அது எறங்கிடும்மே. எறங்குனா ஏறாது."

இரண்டு நாளில் மறந்துவிடுவார் என்று நினைத்தேன். மறக்கவில்லை. காற்றில் ஏற்றிய விளக்கைக் கையால் மூடிக் காப்பாற்றுவது போல அந்த "நீங்க"வை அவர் காப்பாற்றினார். நான் அவரை நீ என்பேன், அவர் என்னை நீங்க என்பார். அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். "நைனா, என்னைப் பழையபடி கூப்புடு" என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்தேன். "போங்க, ஆபீசுக்கு நேரமாவுது" என்பார். கடை வாடிக்கையாளர் ஒருவர் மூலம் ஹாங்காங் வேலை கிடைத்து மீனம்பாக்கத்தில் நின்றபோதும், "பாத்து போங்க, ஒடம்பைப் பாத்துக்கோங்க" என்றுதான் வழியனுப்பினார். எங்களுக்குப் பக்கத்தில் வேறொரு அப்பா தன் மகனை, "நீ பாட்டுக்கு பாஸ்போர்ட்டைத் தொலைச்ச, தோலை உரிச்சிடுவேன்டா!" என்று அதட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பையன் மேல் எனக்கு வந்த பொறாமையைச் சொல்லி முடியாது.

இங்கே ஞாயிற்றுக்கிழமைகளில் அ குவானும் அவன் அப்பாவும் அந்தத் தேநீர்க் கடைக்கு வருவார்கள், என்னையும் கூப்பிடுவார்கள். அவன் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். அவரிடம் மட்டும் எனக்கு அந்த நெய் வாயில் வரவில்லை. வயசானவரை எப்படி நீ என்பது? எழுந்து நிற்பேன், குனிவேன், சொல்லை விழுங்கிவிட்டு மிச்சத்தை மட்டும் பேசுவேன். ஒரு நாள் அவர் முகம் கறுத்து மகனிடம் ஏதோ சொன்னார். அ குவான் தயங்கித் தயங்கிச் சொன்னான்: "அப்பா கேட்கிறார், உனக்கு அவர்மேல் என்ன கோபம்? எல்லோரையும் நெய் என்கிறாய். அவரை மட்டும் சொல்வதில்லை. அவர் இங்கே இல்லையா?"

பதறிப்போய், எங்கள் ஊரில் அது மரியாதை என்றேன். கிழவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். தேநீர்க் கெட்டிலை என் பக்கம் தள்ளினார். "மரியாதை இதில் இருக்கிறது, ஊற்று என்கிறார்" என்றான் அ குவான். இங்கே சின்னவர்கள் பெரியவர்களுக்குத் தேநீர் ஊற்ற வேண்டும். மரியாதையை அங்கே செலுத்திவிட்டால், வாய் சுதந்திரமாக நீ என்று சொல்லிக்கொள்ளலாம். ஊற்றினேன். "நெய் யம் சா" என்றேன், நீ தேநீர் குடி என்று. அவர் நன்றிக்கு இரண்டு விரலால் மேஜையைத் தட்டினார். இத்தனை எளிதாகவா இது என்று நினைத்துக்கொண்டேன். அன்றே முடிவு செய்தேன். நைனாவை எப்படியாவது ஒரு தரம் நீ என்று சொல்ல வைத்துவிட வேண்டும்.

மாமி வீட்டில் டெலிபோன் உண்டு. எழுதிக் கேட்டேன், தாராளமாகப் பேசச் சொன்னாள். டிரங்க் கால் போட்டுக் காத்திருந்து லைன் கிடைத்தபோது, கடல் இரைகிற மாதிரி ஒரு சத்தம், அதற்குள்ளிருந்து மாமியின் குரல். "சௌக்கியமா இருக்கேளா? இதோ, உங்கப்பா. முனுசாமி, உள்ள வா. கூச்சப்படாம கிட்ட வந்து பேசு." அந்த வீட்டுக் கூடத்துக்குள் அவர் கால் வைத்தது அன்றுதான்.

"அல்லோ. நல்லா கீறீங்களா?"

"நல்லா கீறேன் நைனா. நீ துன்னியா?"

"ஆச்சு. நீங்க?"

"நைனா, ஒரே ஒரு தபா என்னை நீன்னு சொல்லு. அதுக்குத்தான் போன் பண்ணேன்."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எல்லாரும் நின்னுகினுகீறாங்க" என்றார். பிறகு, "வூட்டுக்கு வாங்க. வந்ததும் சொல்றேன்" என்றார். லைன் போய்விட்டது.

லீவு கிடைப்பதற்குள் தந்தி வந்தது. நைனாவுக்கு மார்வலியாம். வண்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. விமானம் மாறி மாறி நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மரத்தடியில் வண்டி தார்ப்பாய் மூடிக் கிடந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு "வாங்கோ" என்றாள். வீட்டில் அம்மாவிடம் கேட்டேன், கடைசி வரைக்கும் என்னை நீங்கன்னுதான் சொன்னாரா என்று.

"போடா பைத்தியம்" என்றாள் அம்மா. "உன் மூஞ்சிக்கு எதிர்லதான் அந்த மரியாதையெல்லாம். நீ பிளேன் ஏறுன நாள்லேர்ந்து, எம் புள்ள துன்னானோ, தூங்குனானோ, குளுரு தாங்குறானோன்னு ஒரே பொலம்பல். நைட்ல உன் போட்டோவாண்ட போயி, இன்னாடா துன்னியா நீன்னு கேக்கும். நான் தூங்குறன்னு நெனச்சிகினு."

திரும்பி வந்துவிட்டேன். வேறு என்ன செய்வது, பிழைப்பு இங்கேதான். தெருவில் இறங்கினால் ஊரே என்னை நீ என்கிறது, கண்டக்டரும் கீரைக்காரியும். போன ஞாயிற்றுக்கிழமை அ குவானின் அப்பா என் தட்டில் ஒரு கொழுக்கட்டையை வைத்து, நீ சாப்பிடு என்றார். தலையை நிமிர்த்த முடியவில்லை. விரலைத் தேநீரில் தொட்டு மேஜையில் எழுதினேன். முதலில் ஆள், பிறகு வண்டி. முதலில் எழுதியதுதான் முதலில் காய்கிறது. ஆள் மறைந்து போய், கூரையும் இரண்டு பொறியுமாக வண்டி மட்டும் தனியாக நின்றது. அவசரமாக விரலை நனைத்து, ஆளை அதே இடத்தில் மறுபடி எழுதினேன். எழுதி முடித்துப் பார்த்தால், அதற்குள் வண்டி காய்ந்துவிட்டிருந்தது.