தெருமுனையில் நின்றுவிடாத தபால்காரர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியடில் மேசை டிராயருக்குள் கைபேசி அதிர்ந்தது. திரையில் 'அருள்தாஸ் சார்' என்று வந்தது. நான் எடுக்கவில்லை. சனிக்கிழமையிலிருந்து அவர் நான்கு முறை அழைத்திருந்தார். நான்கு முறையும் எடுக்காதவள் ஐந்தாவது முறை மட்டும் எடுத்துவிடுவேனா? சற்று நேரத்தில் மறுபடியும் அதிர்ந்தது. பிள்ளைகள் என்னையே பார்த்ததால் வேறு வழியில்லாமல் எடுத்தேன். பேசியது அவருடைய மருமகள்.

"டீச்சர், மாமா காலையில தவறிட்டாரு. காபி குடுக்கலாம்னு எழுப்புனா எழுந்திருக்கல. ஐயம்பேட்டை வீட்டுலதான் வச்சிருக்குது."

அந்த நொடியில் எனக்கு என்ன தோன்றியது என்பதை அவரை நேசித்து இந்த நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. 'அப்பாடா' என்று தோன்றியது. அடுத்த நொடியே சீ, நானும் ஒரு மனுஷியா என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அருள்தாஸ் சார் ஓய்வு பெற்ற தபால்காரர் என்பதும், எங்கள் ஓரிக்கைப் பக்கம் வருடக்கணக்காகச் சைக்கிள் மிதித்தவர் என்பதும் உங்களுக்குத் தெரியும். "கையில குடுக்காத கடுதாசி கடுதாசியே இல்ல" என்பார். பக்கத்து வீட்டில் கொடுப்பது, ஜன்னலில் செருகுவது எல்லாம் அவரிடம் கிடையாது. எனக்கு வேலை உத்தரவு வந்த அன்று நான் கூரத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் விசாரித்து, அவ்வளவு தூரம் சைக்கிளில் வந்து, பந்திக்கு நடுவே என் முன்னால் நின்றார். என் வலது கை சாம்பாரில் இருந்தது. இடது கையை நீட்டினேன். "நல்ல சேதிமா, கையக் கழுவிக்கினு வா, நிக்கறேன்" என்றார். நான் பாயசம் முடிக்கிறவரை நின்றார்.

ஓய்வுக்குப் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் செத்துப்போன நம் பக்கத்துச் சிப்பாய்களின் பெயர்ப்பட்டியல் கைபேசியிலேயே பார்க்கக் கிடைக்கிறது என்று பேரன் காட்டியிருக்கிறான். அதில் தகப்பன் பெயர், ஊர், சில இடங்களில் மனைவியின் பெயர்கூட இருக்கும். பட்டியலை எழுதி எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய், அந்தச் சிப்பாயின் பேரன் பேத்திகளைத் தேடிப் பிடித்துச் சேதி சொல்வார். "இதுவும் டெலிவரிதான் டீச்சர்மா. கொஞ்சம் லேட்டு" என்பார். ஒருநாள் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து, "உங்க வூட்டுல யாராவது பட்டாளத்துக்குப் போனாங்களா?" என்று கேட்டார். வாய் இருக்கிறதே என்று, "எங்க அப்பாவோட அப்பா போனாரு சார். குப்பன்னு பேரு. திரும்பி வரல" என்று சொல்லித் தொலைத்தேன். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை என்னுடையது.

அதைச் சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. தாத்தா பட்டாளத்தில் சேர்ந்ததாக யாரோ ஒருவர் வந்து சொன்னதோடு சரி. பிறகு ஒரு கடிதம் இல்லை, தகவல் இல்லை. சண்டைக்குப் பயந்து ஓடிப்போய் பர்மாவில் ஒருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று ஊர் முடிவு கட்டியது. என் அப்பா அப்போது கைக்குழந்தை. பள்ளியிலும் சரி, பின்னால் கொத்தனார் வேலைக்குப் போன இடத்திலும் சரி, சண்டை என்று வந்தால், "ஓடிப்போனவன் புள்ளதானே நீ" என்பதுதான் முதல் வசவு. அப்பாவின் அம்மா முனியம்மாள் சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. உயிரோடு இருக்கிறவனுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்தால் அதுவே அவனைக் கொன்றுவிடும் என்ற பயத்தில், தாத்தாவுக்கு ஓர் அமாவாசைகூடச் செய்ததில்லை. ஒருவேளை செத்திருந்து, பட்டினியாய் அலைகிறாரோ என்ற பயம் இன்னொரு பக்கம். வீட்டில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால்கூட அவரா, வேறா என்று குறி கேட்பார்கள். நான் அறிவியல் டீச்சர். எனக்கும் அந்தப் பயம் உண்டு.

"ஓரிக்கை குப்பன்னு பட்டியல்ல யாருமே இல்ல டீச்சர்மா" என்று சில மாதம் கழித்து அருள்தாஸ் சார் சொன்னார். செத்தவர் பட்டியலில் இல்லை என்றால் சாகவில்லை. சாகவில்லை என்றால், ஊர் சொன்னதுதானே உண்மை? அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது, நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். இதை எழுத்தில் காட்டினால் தாங்குவாரா? "விட்டுடுங்க சார், வேண்டாம்" என்று கெஞ்சினேன். "விலாசத்துல ஏதோ தப்பு இருக்குது. ஆளு இல்லாம போவ மாட்டாரு" என்றார். அவர் பிடித்தால் உடும்புப் பிடி.

ஒரு சனிக்கிழமை காலையில், நான் கூப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டார். அப்பாவிடம் பட்டாளத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "உங்க அப்பாவுக்குக் கூடப் பொறந்தவங்க யாருனா இருந்தாங்களா?" என்று மட்டும் கேட்டார். தபால்காரர் கிடைத்த சந்தோஷத்தில், அப்பா எங்கள் குடும்பத்தின் பெரிய சிரிப்புக் கதையை எடுத்துவிட்டார். கல்யாணம் காது குத்து எதுவானாலும் அவர் சொல்லி நாங்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற கதை.

"எங்கப்பனுக்கு முன்னாடி ஒரு அண்ணன் சார், ஏகாம்பரம்னு. அஞ்சு வயசுல அம்மை போட்டுப் பூட்டான். அதான் எங்கப்பன் பொறந்ததும் குப்பையில பொரட்டி எடுத்துக் குப்பன்னு பேரு வச்சாங்க. குப்பைய எமன் சீண்ட மாட்டான் பாரு! எங்கப்பன் பட்டாளத்துக்குப் போன அடுத்த வருசம் தந்திக்காரன் ஒருத்தன் வந்துக்கீறான். அந்தக் காலத்துல அவன் எங்க தெருவுக்குள்ள வருவானா? தெருமுனை புளியமரத்தாண்டயே சைக்கிளைப் புடிச்சிக்கினு நின்னு, 'சின்னத்தம்பி மவன் ஏகாம்பரம் செத்துட்டான், தந்தி வந்துக்குது'ன்னு கத்தறான். எங்கப்பனைப் பெத்த ஆயா தொடப்பத்தைத் தூக்கிக்கினு ஓடிச்சாம். 'எம்புள்ள செத்து இருவது வருசம் ஆவுது, உன் தந்தி இப்பத்தான் வந்து சேருதாடா'ன்னு! அவன் துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓடிட்டான் சார்!"

அப்பா இருமல் வருகிறவரை சிரித்தார். நானும் பழக்கத்தில் சிரித்தேன். அருள்தாஸ் சார் சிரிக்கவில்லை. பாதிக் காபியோடு டம்ளரை வைத்துவிட்டு, "தந்தியக் கையில குடுக்கலியா?" என்று கேட்டார். "தெருவுக்குள்ள வந்தாத்தானே குடுக்க" என்றார் அப்பா. சார் எழுந்து போய்விட்டார். அவர் முகத்தைப் பார்த்த எனக்கு உள்ளுக்குள் ஏதோ விளங்கியது, விளங்கிக்கொள்ளப் பயந்தேன். அன்று மாலையிலிருந்துதான் அந்த அழைப்புகள்.

அவரைப் பெட்டியில் வைத்திருந்தபோது மற்றவர்கள் முகத்தைப் பார்த்து அழுதார்கள். நான் சட்டைப் பையில் காகிதம் ஏதும் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து உங்களுக்குக் கார்டு எழுதிப் போட்டாரும்மா. 'டீச்சரு பயந்துக்கினு போனை எடுக்க மாட்டேங்குது. பயப்படறவங்களுக்குக் கார்டுதான் எழுதணும், கவர்ல போட்டா பிரிக்க மாட்டாங்க'ன்னாரு" என்றார். கார்டு ஏற்கெனவே வழியில் இருந்தது.

புதன்கிழமை லீவு போட்டுவிட்டு வாசலிலேயே காவல் இருந்தேன். வரவில்லை. வியாழக்கிழமை தேர்வு மேற்பார்வை, தப்பிக்க முடியவில்லை. மாலையில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கி ஓடிவந்தால், அப்பா மூக்குக் கண்ணாடியோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் கார்டு. அவர் அதை நீட்டினார்.

"டீச்சர்மாவுக்கு. சிப்பாய் ஏகாம்பரம். ஓரிக்கை சின்னத்தம்பி மகன். முனியம்மாள் கணவர். பர்மா எல்லையில் போர்க் கல்லறையில் கல் இருக்கிறது. ஐந்து வயதில் இறந்த பிள்ளைக்கு மனைவி ஏது? தாத்தா அண்ணன் பெயரைக் கொடுத்துச் சேர்ந்திருக்கிறார். ஏன் என்று எனக்குத் தெரியாது. எமன் ஒருமுறை கணக்குத் தீர்த்த பெயரை மறுபடி கூப்பிடமாட்டான் என்று நினைத்தாரோ என்னவோ. பயம்தானே. அவர் ஓடவில்லை. தந்தி சரியாகத்தான் வந்தது. கொண்டுவந்தவர்தான் தெருமுனையில் நின்றுவிட்டார். அப்பாவிடம் நீங்களே சொல்லுங்கள். அருள்தாஸ்."

நான் அப்பாவின் நெஞ்சைத்தான் பார்த்தேன். மாத்திரை டப்பா எங்கே என்று தேடினேன். அவர் நெஞ்சைப் பிடிக்கவில்லை. கார்டை என்னிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டு, "ஓடிப்போவலியே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "எங்கம்மா கூட சிரிக்குமேமா அந்தக் கதைக்கு. எண்பது வருசமா எங்கப்பன் சாவைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சிருக்கோமேமா."

அடுத்த அமாவாசைக்குப் பாலாற்றுக்குப் போனோம். முழங்காலுக்கும் குறைவான தண்ணீர். "ஒருவேளை பட்டியல் தப்பா இருந்துட்டா?" என்றார். "தாத்தா இருந்தா இப்ப நூறு தாண்டியிருக்கும்பா" என்றேன். "அதுக்கில்லமா. நம்ம கையால..." என்று முடிக்காமல் விட்டார். எள் பாதி விரலிடுக்கில் கொட்டிப்போயிற்று. எனக்கும் பயம்தான். எந்தப் பெயரைச் சொல்வது என்ற பயம்; சொன்னால் உண்மையாகிவிடுமே என்ற பயம். கடைசியில் அவர் கண்ணை மூடிக்கொண்டு "எங்கப்பன் குப்பன்" என்று ஒரு கை விட்டார். "அவருக்குப் பேரு குடுத்த ஏகாம்பரம் பெரியப்பா" என்று இன்னொரு கை.

கரையேறலாம் என்று நான் கையைப் பிடித்தேன். அவர் நகரவில்லை.

"அந்தப் போஸ்ட்மேன் பேரு இன்னாமா? கார்டுல இருந்துச்சு, மறந்துட்டேன்."

"அருள்தாஸ். அவங்க சர்ச்சுக்குப் போறவங்கப்பா. எள்ளுத் தண்ணியெல்லாம் அவங்களுக்குக் கிடையாது."

"இருக்கட்டும்மா. எங்கப்பன் சாவு எம்மாங்காலமா புளியமரத்தாண்டயே நின்னுக்கினு இருந்துச்சு. வூட்டுக்குள்ள இட்டாந்தவரு அவரு. அவருக்கு ஒரு கை விடலேன்னா நான் மனுசனா?"

மூன்றாவது கை விடும்போது அப்பா ஓர் எள்ளைக்கூடச் சிந்தவில்லை. அருள்தாஸ் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த மூன்றாவது கைத் தண்ணீர்தான். அப்பாவுக்குப் பிறகு அமாவாசைதோறும் நான் இறங்கி விடுவேன். எனக்குப் பயம் இருக்கும். சார் பெயரைச் சொல்லித்தான் விடுவேன்.