நீல நாடாவுக்கு இந்தப் பக்கம்

லண்டன் ரெய்னர்ஸ் லேனில் நான் வேலை பார்த்த தொடக்கப் பள்ளியில், நான்காம் வகுப்பு மிஸ் மண்டபத் தரையில் ஒரு நீல நாடாவை ஒட்டுவார். அதற்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை தனியாக நிற்கும். இரண்டு பேர் அதைக் கேலி செய்வதாக நடிப்பார்கள். மற்றவர்கள் இந்தப் பக்கம் வேடிக்கை பார்ப்பார்கள். பாடமே அந்த வேடிக்கை பார்ப்பவர்களுக்குத்தான். யாராவது நாடாவைத் தாண்டிப் போய் அந்தப் பிள்ளையின் பக்கத்தில் நிற்கும்வரை மிஸ் விடமாட்டார். சத்தம் போட வேண்டாம், தள்ள வேண்டாம், போய் நின்றாலே போதும் என்பார். மதிய இடைவேளையில் பிள்ளைகளைக் கவனிப்பது என் வேலை. அந்தப் பாடம் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது! வீட்டிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

என் மகளும் அந்த வகுப்புத்தான். அந்த வருடம் ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த ஒரு தமிழ்ப் பிள்ளை வந்து சேர்ந்தாள். ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவள் கை பட்டால் நோய் தொற்றும் என்று ஒருத்தி கிளப்பிவிட, வகுப்பே அவளைக் கண்டு ஓடியது. ஒரு மதியம் அவள் வேலியோரம் அழுதுகொண்டு நிற்க, என் மகள் அவளை நோக்கி நடந்தாள். நான் ஓடிப்போய் மகளின் கையைப் பிடித்து இழுத்தேன். "உனக்கேன் வீண் வில்லங்கம்? பேசாமல் இங்காலை வா." கிளப்பிவிட்டவளின் தாய் பள்ளி நிர்வாகக் குழுவில் இருந்தார், என் வேலையோ இன்னும் நிரந்தரமாகவில்லை. ஊரில் போருக்குள் தலை குனிந்தே தப்பிப் பிழைத்த சனம் நாங்கள். அழுகிற பிள்ளையிடம் நானாவது போயிருக்க வேண்டும். போகவில்லை. வெட்கக்கேடு.

அடுத்த மூன்று நாளும் அந்தப் பிள்ளை பள்ளிக்கு வரவில்லை. பஸ் தரிப்பில் அவளுடைய தாய் என்னைப் பிடித்துக்கொண்டார். "அக்கா, பள்ளிக்கூடம் எண்டாலே வயித்தைப் பிரட்டிச் சத்தி எடுக்கிறாள். அங்கை என்ன நடக்குது?" நேரே மிஸ்ஸிடம் போய், நான் செய்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை, வேலை போய்விடுமோ என்ற பயமா என்று மட்டும் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

திங்கட்கிழமை அந்தப் பிள்ளை மறுபடி வேலியோரம் நின்றாள். என் மகள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். "போ பிள்ளை, நானும் வாறன்" என்றேன். இருவரும் போய் நின்றோம். கொஞ்ச நேரத்தில் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

இப்போது மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள், இதையெல்லாம் மறந்திருப்பாள். எனக்கு மறக்காது. அந்தத் திங்கட்கிழமை மாலை பூரிப்பில் அவளைக் கட்டிக்கொண்டு, "என்ரை பிள்ளைக்கு எவ்வளவு துணிச்சல்!" என்றேன். அவள் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்:

"அண்டைக்கே போயிருப்பன் அம்மா. நீங்கள்தானே இழுத்தனீங்கள்."