லேப்டாப்புக்குப் புடவை எடுத்த கதை

முட்டாள்தனத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். வேறு யாராவது வந்து சொல்கிற வேலை மிச்சம். பட்டுக் கடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து புடவை விரித்துக் காட்டுகிறவன் நான். கடையையே கவிழ்த்துப் போட்டுவிட்டு, "இன்னொரு கடை பாத்துட்டு வரோம்" என்று எழுந்து போகிறவர்களை இத்தனை வருஷமாக முதுகுக்குப் பின்னால் கேலி செய்து சேர்த்த பாவமெல்லாம், ஒரு பழைய லேப்டாப் வடிவில் வந்து என் மடியில் உட்கார்ந்தது.

லேப்டாப் என் மனைவியுடையது. அவள் அதில் புடவை பார்டருக்கு டிசைன் வரைகிறாள். கட்டம் கட்டமாக வரைந்து பென் டிரைவில் போட்டுக் கொடுத்தால், அவள் தம்பி அதைத் தன் தறிக்கு மேலிருக்கும் மின் பெட்டியில் செருகுவான். பெட்டி சொல்கிறபடி தறி இழைகளைத் தூக்கும். அப்போது அவன் கையில் ஒரு கல்யாணப் புடவை ஆர்டர் இருந்தது. தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. பார்டரில் அன்னப்பட்சிகள் வரிசையாகப் போக வேண்டும். மனைவி முதல் அன்னத்தைக் கழுத்து வரைக்கும் வரைந்திருந்த நேரத்தில் லேப்டாப் படுத்துக்கொண்டது. பட்டனை அமுக்கிவிட்டு, இட்லி ஊற்றி, வெந்து, தின்று, கை கழுவிக்கொண்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டேயிருக்கும். டிசைன் இல்லாமல் தறி நின்றது. முகூர்த்த நாள் மட்டும் நிற்காமல் கிட்டே வந்துகொண்டிருந்தது.

"புதுசு வாங்கிடலாமா?" என்றாள் மனைவி.

அங்கேதான் என் வாய் திறந்தது. "எதுக்கு? விண்டோஸத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டா இதே லேப்டாப்பு குதிரை மாதிரி ஓடும். ஒரு பைசா செலவில்ல. பழைய மிஷினுக்குன்னே லேசா ஒண்ணு செஞ்சு வெச்சிருக்காங்க. ரெண்டே நாள்ல போட்டுத் தரேன்."

ஒன்றே ஒன்று செய்து வைத்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். இணையத்தில் தேடினால் அடுக்கடுக்காக வந்து விழுகின்றன. எல்லாமே லேசானவை, எல்லாமே இலவசம், எல்லாமே மற்றதைவிட மேல். போதாக்குறைக்கு, எதையும் லேப்டாப்புக்குள் இறக்க வேண்டியதில்லை. பென் டிரைவில் ஏற்றி அப்படியே ஓட்டிப் பார்க்கலாமாம். பிடிக்கவில்லையென்றால் அணைத்துவிட்டு அடுத்தது. அதாவது, வாங்காமலேயே தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். இது போதாதா எனக்கு?

முதலில் நாய்க்குட்டி பெயருள்ள ஒன்று. டீ கொதிப்பதற்குள் திறந்துகொண்டது. ஆனால் ஐகான் படங்கள் திரையெங்கும் சுங்குடிப் புள்ளி மாதிரி சிதறிக் கிடந்தன. கல்யாணப் புடவை வரையப் போகிற இடத்தில் சுங்குடியா? அடுத்தது திறந்ததும் ஒரே கருப்பு. நல்ல காரியத்துக்குக் கருப்பை எடுத்து முன்னால் போட்டால் எங்கள் கடையில் முதலாளி பார்க்கிற பார்வையே வேறு. தள்ளிவிட்டேன். மூன்றாவதற்கு எலி முத்திரை. அருமையாக ஓடியது. ஆனால் பட்டு இருக்கிற வீட்டுக்குள் எலியை யாராவது தெரிந்தே விடுவார்களா?

"ஏங்க, எல்லாத்துலயும் கட்டம் போட்டு வரைய முடியுதில்ல?" என்றாள் மனைவி.

"முடியுது. ஆனா ஸ்க்ரீன்ல வர்ற ஜன்னலோட பார்டர் பாரு, எவ்ளோ ஒல்லி."

"நான் வரையற பார்டர்தாங்க புடவைல வரும். அது வராது."

கடைசியில் இரண்டு தேறின. ஒன்று நீலம், ஒன்று பச்சை. குழல் விளக்கில் பட்டின் நிறத்தை நம்பக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். ஆகவே லேப்டாப்பை நீளமான ஒயரோடு தெருவுக்கு எடுத்துக்கொண்டு போய் வெயிலில் பிடித்தேன். வெயிலில் ஒன்றுமே தெரியவில்லை. என் மூஞ்சி மட்டும் தெரிந்தது. அந்த நேரம் பார்த்து மச்சான் வண்டியில் வந்து இறங்கினான்.

"இன்னா மாமா, லேப்டாப்ப காய வெச்சிக்கினு இருக்கற? வடாம் போட்டிருக்கியா?"

"கலர் பாக்கறன்டா."

"நீ கலர் பாரு. என் தறியில சிலந்தி கூடு கட்டிக்கினு இருக்குது. அது நெய்யற வேகத்தப் பாத்தா எனக்கே வெக்கமா இருக்குது." அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "பொண்ணு வீட்டுல போன் பண்ணாங்க மாமா. நாளைக்குள்ள தறி ஓடலன்னா ஆர்டர வேற தறிக்கு மாத்திடறாங்களாம்."

அவனுடைய அந்த சீசனுக்கு அது ஒன்றுதான் பெரிய ஆர்டர். உடனே செயலில் இறங்கினேன். அதாவது, நீலத்தையும் பச்சையையும் போட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். தனியாக முடிவெடுத்துப் புடவை வாங்கியவர்களை நான் கண்டதில்லை. வாலாஜாபாத்தில் இருக்கும் அக்கா, "ரெண்டும் சுமார்தான். மாம்பழக் கலர் இருக்குதா கேளு" என்று எழுதினாள். மாமியார் போனே போட்டுவிட்டார்.

"இன்னாபா, ஓசியில தராங்களாமே? எதுக்குத் தராங்க?"

"நல்ல மனசுதாங்க. உலகம் பூரா சேந்து செஞ்சு சும்மா தராங்க."

"சும்மா குடுத்தது நாளைக்கு சாயம் போனா யாரைப் போயிக் கேப்ப?"

காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் 'சாயம் போகாதுங்க' என்று சொல்லியே வயிறு வளர்க்கும் நான், 'சிக்னல் இல்லீங்க' என்று போனை வைத்தேன்.

மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ராகு காலம் நெருங்கிவிட்டது. அதில் போய் உள்ளே இறக்க முடியாது. இரண்டு பென் டிரைவில் கைக்கு வந்ததைச் செருகி, எதென்று பார்க்காமலே தோளில் போட்ட மாதிரி ஓடவிட்டு, மத்தியானத்துக்குள் முடிவெடுக்கிறேன் என்று கடைக்குப் போனேன். கடையில் ஓர் அம்மா நீலப் புடவைக்கும் பச்சைப் புடவைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தவித்துக்கொண்டிருந்தார். வழக்கமாகப் பல்லைக் கடிப்பேன். அன்றைக்கு, "அவசரமே இல்லம்மா, நல்லா பாருங்க" என்றேன். பக்கத்தில் மடித்துக்கொண்டிருந்தவர் எனக்கு ஜுரமா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அந்த அம்மா கடைசியில் நீலத்தை எடுத்துக்கொண்டார். தெய்வமே உத்தரவு கொடுத்த மாதிரி இருந்தது எனக்கு. மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகாமல் அந்த உத்தரவை மனதுக்குள் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயந்திரம் தலை நிமிர்ந்து வீட்டுக்குள் நுழைந்தேன்.

லேப்டாப் மூடிக் கிடந்தது. அதன்மேல் ஒரு முறம், முறத்தில் கீரை.

"ஐயோ, யாரு அணைச்சது? அது இன்னும் உள்ள இறங்கவேயில்ல! அணைச்சா அதுல செஞ்சதெல்லாம் போயிடும்!"

மனைவி கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போனா போவுது. அன்னத்த வரைஞ்சு முடிச்சு என் பென் டிரைவுல போட்டுட்டேன். தம்பி வந்து எடுத்துக்கினு போயிட்டான்."

"சும்மா மேல போட்டுப் பாக்கறதுக்கு வெச்சிருந்தது அது! கடைப் புடவையக் கட்டிக்கினு கல்யாணத்துக்கே போயிட்டு வந்துட்டியா?"

கீரைக் காம்புகள் ஒரு பக்கமாகச் சேர்ந்துகொண்டிருந்தன. மூலையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம்தான் பொறுப்பது?

"அத வுடு. எதுல வரைஞ்ச? நீலத்துலயா, பச்சையிலயா?"

"பாக்கல. தறி ஓடுது."