அஸ்தி ஏற்றாத படகு

மனைவியின் அஸ்தியைக் கரைக்க நான் தனியாகத்தான் மெர்சிங் கடற்கரைக்குப் போனேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊரான லாபிஸில் சாவுக்கு வந்த உறவுக்காரர்கள் எல்லாம் மறுநாள் வேலை என்று சொல்லி ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பிவிட்டார்கள். போகும்போது, "ஏதாவது வேணும்னா போன் பண்ணுங்க" என்றார்கள். அஸ்திச் சட்டியைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும் என்று எப்படிப் போன் பண்ணுவது? சட்டியைக் காரின் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். அவள் உட்கார்ந்து வரும் சீட்டுதான்.

சுற்றுலாக்காரர்களை ஏற்றும் படகுகள் எல்லாம் தீவுகளுக்குப் போயிருந்தன. ஒரே ஒரு மீன்பிடிப் படகு கட்டிக் கிடந்தது. அதன் சொந்தக்காரர் சபா மாநிலத்திலிருந்து வந்தவர், பஜாவ் என்கிற கடலோடி இனம். பிறந்து வளர்ந்ததே படகில் என்று பிறகு சொன்னார். மலாயில் பேசிக்கொண்டோம். சட்டியில் என்ன என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு வலையை மடிக்கப் போய்விட்டார்.

"மாட்டேன் அங்கிள். செத்தவங்கள கடல்ல விடக்கூடாது லா."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. கடலிலேயே பிறந்த ஆள் இப்படிச் சொல்லலாமா என்று கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை. அவர்கள் வாழ்வதுதான் கடலில். இறந்தவர்களை ஒரு தீவுக்குக் கொண்டுபோய் மண்ணில் புதைப்பார்களாம். கடலுக்குக் கண்ணுக்குத் தெரியாத பெரியவர் ஒருவர் இருக்கிறார், அவரைக் கேட்காமல் அங்கே எதையும் செய்யக்கூடாதாம். நாங்கள் மண்ணில் வாழ்ந்து கடலுக்குப் போகிறோம். அவர்களுக்கு எல்லாம் தலைகீழ்.

"அப்புறம் அவங்ககூட பேசணும்னா எங்க போவீங்க?" என்று கேட்டார்.

அவர்கள் வெற்றிலையும் சிகரெட்டும் எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போய், யாருக்குக் கல்யாணம், யார் படகு ஒழுகுகிறது என்று எல்லாக் கதையும் சொல்லிவிட்டு வருவார்களாம். எங்கே போய்ப் பேசுவது என்ற அந்தக் கேள்விக்குப் பயந்துதான் விடிந்ததும் விடியாததுமாக வீட்டைவிட்டுக் கிளம்பியிருந்தேன்.

"உங்ககூட வேற யாரு வராங்க?"

"யாருமில்ல தம்பி. நான் மட்டும்தான்."

வலையைக் கீழே போட்டுவிட்டு அப்போதுதான் என் முகத்தைச் சரியாகப் பார்த்தார். அவர்கள் பக்கம் ஒரு சாவு என்றால் சொந்தக்காரர்களின் படகுகள் எல்லாம் சேர்ந்து போகுமாம். இறந்தவரை ஒற்றை ஆள் கொண்டுபோனதாக அவர் கேள்விப்பட்டதே இல்லை. கடலில் சாம்பலை விடுவதைவிட அதுதான் அவருக்குப் பெரிய தப்பாகப் பட்டது. பின்னாலிருந்த பலகை வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவர் மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, ஒரு வார்த்தை கேட்காமல் என்னோடு படகில் ஏறி எதிரே உட்கார்ந்தார்.

கரை சின்னதானதும் படகுக்காரர் எஞ்சினை நிறுத்தினார்.

"அவங்களுக்குக் கடல் பழக்கம் உண்டா அங்கிள்?"

எங்கே? எஸ்டேட்டில் பிறந்தவள். கடற்கரைக்குப் போனால் செருப்பு நனையாத தூரத்தில் நின்றுகொண்டு, என்னையும் இறங்கவிடாமல் சத்தம் போடுவாள். அதைச் சொன்னதும் படகுக்காரரின் மனைவி சிரித்துவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவள் போன பிறகு சிரித்தது அதுதான் முதல் தடவை.

படகுக்காரர் குனிந்து தண்ணீரில் கையை வைத்துத் தன் மொழியில் பேசினார். சாமி கும்பிடுகிற குரல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரரிடம் உதவி கேட்கிற குரல். நடுவில் நிறுத்தினார், திரும்பவும் பேசினார். கடைசியில் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். சாவுச் சடங்கு செய்த பண்டாரம் சொல்லிக்கொடுத்தபடி பாலும் பூவும் விட்டு, சட்டியைத் தண்ணீருக்குள் இறக்கினேன். கொஞ்சம் மிதந்துவிட்டுப் போய்விட்டது.

திரும்பும் வழியில், அவ்வளவு நேரம் என்ன பேசினீர்கள் என்று கேட்டேன்.

"புதுசா ஒரு அம்மா வராங்க, எங்க ஆளுங்க இல்லன்னு சொன்னேன். நீந்தத் தெரியாது, பயப்படுவாங்க, யாராச்சும் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

சாவு வீட்டில் அத்தனை பேர் கட்டிப்பிடித்தபோது வராத அழுகை அப்போது வந்தது. ரோட்டைத் தாண்டும்போதெல்லாம் அவள் கையை நான்தான் பிடிப்பேன். இனி அந்த வேலை எனக்கில்லை.